கழுவிய பஞ்சு

செவுள் நிமிடத்துக்கு நூற்று முப்பது முறை திறந்து மூடிற்று. முதல் தடவை எண்ணியபோது நூற்றுப் பதினெட்டு, இரண்டாம் தடவை நூற்று இருபத்தாறு. மூன்றுக்கும் சராசரி எடுக்கலாமா என்று ஞானசிகாமணி யோசித்தார். அளவு ஏறிக்கொண்டே போகும்போது சராசரி எடுப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிற வேலை. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரே இதை எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனவே நூற்று முப்பது. மத்தியானம் இரண்டரை மணிக்கு நூற்று முப்பது. தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொட்டிச் சுவரில் மூக்குப் படாத குறையாக உட்கார்ந்திருந்தார். உள்ளே நான்கு தங்கமீன்கள். நேற்று வரை ஐந்து. ஐந்தாவது, ஜாம் பாட்டிலில் உப்புத் தண்ணீரில் மூழ்கி, ‘மாதிரி 1, வெள்ளி, காலை 6.10’ என்ற லேபிளோடு அலமாரியின் மேல் இருந்தது. எதற்காக அதை வைத்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவருக்கு, கெட்டுப்போன எதையும் லேபிள் ஒட்டாமல் வழியனுப்பிப் பழக்கமில்லை. மிச்சம் நான்கும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து, வட்டமாகத் திறந்து, காற்றைக் கவ்விக் கவ்வி விட்டன. அவற்றில் பெரியதற்கு வால் வெள்ளை. அந்த வாலில் நேற்றிலிருந்து ரவை தூவியது போலப் புள்ளிகள். இந்த ஒன்றுக்கு மட்டும் மகன் மதி ஏதோ பெயர் வைத்திருந்தான், கூப்பிட்டதை ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். என்ன பெயர் என்று கேட்டிருக்கலாம். நாளை சாயந்திரம் மதி வந்துவிடுவான். வந்துவிடுவான் என்றுதான் சொன்னான். அதற்குள் இது செத்துப்போனால் மாதிரி 2 என்று எழுத வேண்டும், எழுதுகிற கை இந்தக் கைதான், ஆனால் எழுதியதை மதியிடம் காட்டுகிற முகம் எது?

தண்ணீரில் குற்றமில்லை. இதைச் சொல்ல இந்த வில்லிவாக்கத்தில் அவரைவிடத் தகுதியானவர் யார்? ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த குளோரின் சோதனைப் பெட்டி இன்னும் பீரோவில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. இன்று காலை எடுத்துப் பார்த்தார். சொட்டு விட்டதும் மஞ்சள் ஏறவில்லை, குளோரின் பூஜ்யம். கலங்கல் இல்லை. வாடை இல்லை. ஒரு நகரத்துக்கே கிருமியில்லாத தண்ணீர் கொடுத்தவரின் வீட்டில், நாற்பது நாள் வயதான ஒரு கண்ணாடித் தொட்டியில், இந்தச் சென்னையிலேயே சுத்தமான அறுபது லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதில் நான்கு மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன. முரண்பாடு வந்தால் அளவையைச் சந்தேகப்படு, பிறகு அளந்தவனைச் சந்தேகப்படு. அளந்தவன் புதன்கிழமை காலை என்ன செய்தான்? குழல் வழியாகக் காற்று போய்ச் சுற்றிலும் குமிழி விட்டு அழுக்கை வடிகட்டுகிற அந்த ஸ்பாஞ்சுப் பஞ்சைக் கழற்றினான். கழற்றியபோதே தெரிந்தது, இரண்டு பஞ்சு மாட்ட வேண்டிய தண்டில் ஒன்றுதான் இருந்தது, மறுபக்கம் மொட்டை. எந்த வேலையையும் முழுசாகச் செய்யாத பிள்ளை. இருந்த ஒன்றும் கறுத்து, கொழகொழவென்று, சாக்கடையில் ஊறிய துணி மாதிரி. இப்படி ஒரு பொருளைக் குடிநீரில் கண்டால் ஒரு வட்டாரத்துக்கே சப்ளையை நிறுத்தியிருப்பார். பிளீச்சிங் பவுடர் கரைசலில் இருபது நிமிடம். பிறகு குளோரினை முறிக்க மருந்து, கணக்குப் போட்டு. பிறகு ஏழு தடவை அலசல். பஞ்சு கடையில் வாங்கிய நாளின் நீலத்துக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், அவருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து வராத ஒரு திருப்தி வந்தது.

தொட்டியின் பக்கவாட்டில் மதி ஒட்டிவிட்டுப் போன தாள் இருந்தது. ஐந்தே வரி. காலையில் ஒரு சிட்டிகை தீனி, தண்ணீர் மாற்ற வேண்டாம், லைட் எட்டு மணி நேரம், மோட்டார் நிற்கக்கூடாது, எதையும் தேய்க்க வேண்டாம். சிட்டிகை என்பது ஓர் அளவா? யாருடைய விரல்? மதியின் விரல் நீளம், அவருடையது கட்டை. அதனால் அரை ஸ்பூன், தட்டையாக, என்று அவர் நிர்ணயம் செய்தார். நிர்ணயம் செய்யாத அளவு அளவே இல்லை. ஐந்தாவது வரியையும் அவர் மீறவில்லை. தேய்க்கவில்லை, ஊறவைத்தார். இந்த வாதத்தைப் புதன்கிழமையிலிருந்து மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் எதிரில் மதி உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் எழுந்து போகிறான். தாளை மறுபடி படித்தார். படிக்கப் படிக்க அது வேறொரு தாளாகிக்கொண்டே போனது. மூன்று நாளைக்கு ஓசூர் போகிறவன், ஒரு கம்பெனியில் நேர்காணல், கூடவே இரண்டு நாள் வேலை செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான், அதற்கு இவ்வளவு நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவைத்துவிட்டா போவான்? செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னான். “வண்டி ஆர்.சி. என் டிராயர்ல இருக்குப்பா. இன்சூரன்ஸ் பேப்பரும் அதுலதான்.” அவர் சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அன்று ராத்திரி பாயில் புரண்டபோதுதான், மூன்று நாளைக்குப் போகிறவன் ஆர்.சி. எங்கே இருக்கிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதைத் துணியால் துடைப்பது மாதிரித் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி வந்தது. நேற்று ராத்திரி எட்டு மணியிலிருந்து மதியின் போன் அணைந்து கிடக்கிறது.

சாப்பாட்டு மேசையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி புனிதவதி, எண்ணி முடிஞ்சுதா என்று கேட்டாள். நூற்று முப்பது என்றார். போன மாசம் உங்க பிரஷர் அதைவிட ஜாஸ்தி, நீங்க உயிரோடதானே இருக்கீங்க என்றாள். இரண்டும் வேறு வேறு அலகு என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் கீரைக் குச்சியை முறித்துப் போட்டாள். நாற்பது வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது குறைவு, நடுநடுவே ஒன்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிடுவாள். இப்போதும் நிமிராமல் சொன்னாள், “இந்த வீட்ல நீங்க கழுவாம விட்டது என்னை ஒருத்தியைத்தான்.” சிரிப்பாள் என்று பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடி போன் போட்டுப் பார்க்கவா என்று கேட்டார். காலையிலிருந்து பதினோரு தடவை போட்டாச்சு, அவன் ஆன் பண்ணினா பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்கன்னு வரும், அதைப் பார்த்தே பயந்துடுவான் என்றாள். பன்னிரண்டாவது தடவை போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அந்தப் பெண் குரல் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. இரண்டு மொழியிலும் கேட்டுவிட்டு வைத்தார். புனிதவதி பயப்படவில்லையா, அல்லது பயத்தைக் கீரையோடு சேர்த்து ஆய்ந்துகொண்டிருக்கிறாளா? குச்சிகளைப் பார்த்தார். ஒரே நீளத்துக்கு முறித்து ஒரே திசையில் அடுக்கியிருந்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

வெள்ளை வால் கீழே இறங்கி, பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்று, மறுபடி மேலே ஏறியது. நீலப் பஞ்சு. அந்த நீலத்தைப் பார்க்கவே அவருக்கு இப்போது என்னவோ செய்தது. ஏனென்றால் அதே திருப்தி, அதே ஏழு தடவை அலசல், முன்பும் ஒரு தடவை. அதை நினைக்க வேண்டாம். உப்பு போதுமா? லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல் உப்பு, அறுபது கிராம், வெள்ளைப் புள்ளிக்கு நல்லது என்று கடைக்காரர் டில்லிபாபு மதியிடம் சொன்னது ஞாபகம் இருந்ததால் காலையில் போட்டார். புள்ளிக்கு உப்பு, சரி, மூச்சுக்கு? போன ஆவணி மாதம். மதி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். எட்டு மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாக வெளியே போனான். கல்யாணம் மூன்றே வருடத்தில் முடிந்துபோய், அவளும் இவனும் ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு, இரண்டு பெட்டியோடு வந்து அந்த அறைக்குள் படுத்தவன். அவன் வெளியே போன இரண்டு மணி நேரத்தில் அவர் அறையைச் சுத்தம் செய்தார். ஜன்னலைத் திறந்தார். தரைக்கு ஃபினாயில். மேசையில் காய்ந்துகிடந்த காப்பி டம்ளர்கள், பழைய பஸ் டிக்கெட்டுகள், ஓரம் பிய்ந்த ஒரு தலையணை உறை, சினிமா அரங்கில் கொடுக்கிற காகிதக் கண்ணாடி, நீளமான தலைமுடி சிக்கிய சீப்பு ஒன்று, எல்லாம் கறுப்புப் பையில் கட்டிக் கீழே குப்பை வண்டியில். திரும்பி வந்தவனிடம், எல்லாத்தையும் கழுவி விட்டுட்டுப் புதுசா ஆரம்பி என்று சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். மதி அறையைச் சுற்றிப் பார்த்தான். சீப்பு எங்கப்பா என்று மட்டும் கேட்டான். பிறகு கதவின் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். பதினோரு நாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்க, காலித் தட்டு வாசலுக்கு வர, நடுவில் அந்தத் தாழ்ப்பாள் எழுந்து விழுகிற சத்தம் மட்டும். பன்னிரண்டாம் நாள் அவன் குளிக்கப் போனபோது ஸ்குரூ டிரைவரால் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். கதவில் நாலு ஓட்டை இருந்தது, வெள்ளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தார். இப்போதும் ஹாலில் இருந்து பார்த்தால் அந்த நாலு இடமும் தெரியும். மற்ற இடத்தைவிடச் சுத்தமாக இருப்பதால் தெரியும். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான், யாரும் சொல்லாமல், யாரிடமும் கேட்காமல், மதி ஆட்டோவில் இந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். ஹாலில்தான் வைத்தான். அறையில் வைக்கவில்லை. தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாலுக்கு வர வேண்டும், ஹாலுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச வேண்டும், இந்தப் பஞ்சு பழுக்க நாற்பது நாளாகும்பா என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். பழுக்க என்றான். பஞ்சு என்ன பழமா என்று இவர் கேட்டார். வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

பழுக்க. அந்தச் சொல்லில் மனம் முள்ளில் சேலை மாதிரி மாட்டிக்கொண்டது. எது பழுக்கும்? மீன் கழிக்கிறது. தின்னாத தீனி அடியில் அழுகுகிறது, அரை ஸ்பூன், தட்டையாக. அழுகினால் அம்மோனியா. அம்மோனியாவை அவர் மறந்தே போனார். குழாய்த் தண்ணீரில் அம்மோனியா என்றால் எங்கோ சாக்கடை கலந்துவிட்டது என்று அர்த்தம், எடுத்தவுடன் இங்கே யார் அதைத் தேடுவார்கள்? ஆனால் தொட்டிக்குள் சாக்கடை தினமும் உற்பத்தியாகிறது. உற்பத்தியானது எங்கே போனது இத்தனை நாள்? யாரோ தின்றார்கள். யார்? கிருமிகள். ஆறுகளிலும் மண்ணிலும் அம்மோனியாவைத் தின்றே வயிறு வளர்க்கிற கிருமிகள். அவர் அதைக் கல்லூரியில் படித்திருக்கிறார், பரீட்சையில் எழுதியிருக்கிறார், முழு மார்க் வாங்கியிருக்கிறார். அவை எங்கே குடியிருந்தன? கறுத்துக் கிடந்த அந்தப் பஞ்சில். செவுள் நூற்று முப்பத்தாறு. ஞானசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. முப்பத்து நான்கு வருடம் கிருமியைக் கொல்வதற்கே சம்பளம் வாங்கிய மனுஷன், சும்மா இருந்தால் போதும் என்று சொல்லப்பட்ட ஒரே இடத்தில், சம்பளம் இல்லாமல், தன் கைக்காசில் பிளீச்சிங் பவுடர் வாங்கி, நாற்பது நாளாகப் பழுத்த ஒரு குடியிருப்பையே இருபது நிமிடத்தில் காலி செய்திருக்கிறார். அளந்தவனைச் சந்தேகப்படு. சட்டையை மாட்டினார். பித்தான் ஒன்று தள்ளிப் போட்டது தெருவில்தான் தெரிந்தது.

கொளத்தூர்ப் பக்கம், மீன் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்கு நடந்தால் கால் மணி நேரம். ஆட்டோவில் ஏறினார். ரயில்வே கேட்டின் பக்கம் வந்ததும் கண்களை மூடிக்கொண்டார். தண்டவாளத்தைப் பார்க்க வேண்டாம் என்று எதற்காகத் தோன்றியது என்பதை யோசிக்கவும் வேண்டாம். ஆர்.சி. டிராயரில். இன்சூரன்ஸ் பேப்பரும் அதில்தான். ஒருவேளை ஓசூரில் அப்படி ஒரு கம்பெனியே இல்லையோ? இருக்கிறது, பஸ் டிக்கெட்டைப் பார்த்தார், ஆனால் பஸ் ஓசூர் வரை போகிறது என்பதற்குத்தானே டிக்கெட் சாட்சி? திரும்பி வருகிற டிக்கெட்டை அவன் எடுத்திருக்கிறானா? கேட்கவில்லை. வர்றப்ப பார்த்துக்கலாம்பா என்று சொல்லியிருப்பான். சொன்னானா, சொல்லியிருப்பான் என்று இவராக நினைத்துக்கொள்கிறாரா? ஒரு வருடமாக மகன் சொன்னது எல்லாம் சேர்த்து ஒரு தாளில் அடங்கும், அதிலும் எது அவன் சொன்னது எது இவர் இட்டு நிரப்பியது என்று பிரிக்க முடியவில்லை. கடை வாசல்களில் தொங்கிய பாலிதீன் பைகளில் பைக்கொரு மீன், வெயிலில் கண்ணாடிக் குண்டு மாதிரி. தெருவெல்லாம் மோட்டார்களின் குமிழிச் சத்தம். டில்லிபாபுவின் கடை நடுவில் இருந்தது. குட்டையான மனிதர், கைலியை மடித்துக் கட்டி, ஒரு தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முன்பே, மதியோட அப்பாவா சார் என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றதற்கு, பாக்கெட்ல ரெண்டு பேனா குத்திக்கினு மீன் கடைக்கு யாரு சார் வருவாங்க என்று சிரித்தார். ஞானசிகாமணி நடந்ததைச் சொன்னார். பிளீச்சிங் பவுடரின் அளவைக்கூடச் சொன்னார், அதைக் கேட்டதும் டில்லிபாபு கையைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்த கையைத் துடைக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தார் ஞானசிகாமணி. டில்லிபாபு உள்ளே போய், மூலையில் இருந்த ஒரு பச்சைத் தொட்டிக்குள் கையை விட்டு, கரேலென்று ஒரு பஞ்சை எடுத்து, அதே தண்ணீரோடு ஒரு பையில் போட்டு ரப்பர் மாட்டினார்.

எவ்வளவு என்று ஞானசிகாமணி சட்டைப் பையைத் தொட்டார்.

“காசா? இது உங்கள்துதான் சார். ரெண்டு பஞ்சுல ஒண்ணைக் கழட்டி எட்த்தாந்து நம்ம தொட்டில போட்டுட்டுப் போனாரு மதி. எங்கப்பா எப்படியும் கழுவிடுவாரு, வந்து நின்னா குடுத்துடுங்கன்னாரு.”

மொட்டையாக இருந்த அந்தத் தண்டு. எந்த வேலையையும் முழுசாகச் செய்யாத பிள்ளை. நாலு தெரு தள்ளி ஒரு மீன் கடைக்காரருக்கு, தான் என்ன செய்யப்போகிறோம் என்பது தனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவமானம்தான், ஆனால் அந்த அவமானத்தின் பின்னால் வேறு ஏதோ ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் இன்னும் உள்ளே விடவில்லை. வராம இருந்திருந்தா, என்று கேட்டார். நான் வராம இருந்திருந்தா?

“வரலைன்னா சனிக்கிழமை சாயந்தரம் பஸ்ஸை வுட்டு எறங்கி நேரா இங்கதான், நானே எட்த்துக்கறேன்னாரு.”

“நானே எடுத்துக்கறேன்னா சொன்னான்?”

“ஆமா சார்.”

“சனிக்கிழமைன்னு சொன்னானா? நாளைக்கா?”

“நாளைக்குத்தான் சார் சனிக்கிழமை,” என்றார் டில்லிபாபு, குழந்தைக்குச் சொல்வது போல. “ரெண்டு நத்தையும் எட்த்து வைக்கச் சொல்லிக்கிறாரு. தோ பாருங்க, வெச்சிக்கிறேன்.”

ஒரு டீ கிளாசுக்குள் இரண்டு நத்தைகள் இருந்தன. கிளாஸில் மார்க்கரால் மதி என்று எழுதியிருந்தது. ஞானசிகாமணி அந்த லேபிளை நீண்ட நேரம் படித்தார். இரண்டே எழுத்து. சனிக்கிழமை சாயந்திரம் நத்தை வாங்க வருகிறவன். டில்லிபாபு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்; பஞ்சை மாட்டும் முன் தொட்டிக்குள்ளேயே நல்லாப் பிழியணும், வர்ற அழுக்கெல்லாம் தண்ணில கலக்கட்டும், கலங்கினா பயப்படாதீங்க, இன்னிக்குக் கால்வாசித் தண்ணி மாத்துங்க, ரெண்டு நாளைக்குத் தீனியே போடாதீங்க, பட்டினியால ஒண்ணும் ஆவாது, பொழைக்கிறது பொழைச்சுக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனா இரண்டு இருந்தும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு மின்சார ரயில் போயிற்று. மடியில் பையை வைத்துக்கொண்டு, பெட்டிகளை எண்ணினார். ஒன்பது.

வீட்டுக்கு வந்து, கால்வாசித் தண்ணீரை மாற்றினார். பிறகு ரப்பரை அவிழ்த்து, பஞ்சைக் கையில் எடுத்தார். கொழகொழத்தது. சேறு, பாசி, குளத்தடி வாடை. முப்பத்து நான்கு வருடத்தின் ஒவ்வொரு விதியும் கையைப் பிடித்து இழுத்தது. புனிதவதி கீரையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள். அது என்ன கண்றாவி என்று கேட்டாள். உன் பிள்ளை எனக்காக வெச்சிட்டுப் போனது என்றார். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பிழிந்தார். கறுப்பு, பழுப்பு, புகை மாதிரி எழுந்து பரவியது. சென்னையிலேயே சுத்தமான அறுபது லிட்டர், ஐந்தாறு நொடியில் கூவம். மறுபடி பிழிந்தார். மீன்கள் தெரியவில்லை. வெள்ளை வால் மட்டும் ஒரு தடவை கலங்கலுக்குள் வெளுத்து மறைந்தது. மேலேயா கீழேயா, எந்தத் திசையில் போனது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மொட்டைத் தண்டில் பஞ்சை மாட்டினார். நீலத்துக்குப் பக்கத்தில் கறுப்பு. குமிழி வந்தது. அப்போது மேசை மேல் போன் அடித்தது. புனிதவதி துண்டை நீட்டினாள். கறிவேப்பிலை வாங்கிவிட்டு வந்தால்கூட முழங்கை வரை சோப்புப் போடுகிறவர், துண்டை வாங்காமல், சேறு சொட்டுகிற கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். கன்னத்தில் ஈரம் வழிந்தது.

போனைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வெச்சுக்கிட்டாங்கப்பா, ராத்திரி ஷிப்ட் போட்டுட்டாங்க, இப்பத்தான் குடுத்தாங்க, ஏன் பன்னெண்டு தடவை என்று மதி கேட்டான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒண்ணுமில்லை என்றார்.

“கழுவிட்டீங்களா?” என்றான் மதி.

தேய்க்கவில்லை, ஊறவைத்தேன் என்ற வாதம் நாக்கு நுனி வரை வந்தது. “கழுவிட்டேன்டா,” என்றார். “சீப்பையும் சேர்த்து.”

அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“எத்தனை போச்சு?”

“ஒண்ணு. பெருசு இல்ல. பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன்.”

“லேபிள் ஒட்டினீங்களா?”

“ஒட்டினேன்.”

போனில் ஒரு சத்தம் வந்தது. மூக்கின் வழியாகவோ தொண்டையின் வழியாகவோ, சின்னதாக. சிரிப்பா, இருமலா, அல்லது மூன்றாவதாக ஒன்றா என்று ஞானசிகாமணியால் சொல்ல முடியவில்லை. மறுபடி ஒரு தடவை வருமா என்று காதை அழுத்தினார். வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு, போதும் என்று விட்டுவிட்டார். கலங்கல் மெல்லக் கீழே படிந்துகொண்டிருந்தது. “அந்த வெள்ளை வாலுக்கு,” என்று கேட்டார், “என்னடா பேர் வெச்சிருக்கே?”